ஸ்ட்ரைடிங் எட்ஜ்

ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்பது இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், கம்ப்ரியாவிலுள்ள ஏரி மாவட்டத்தில், ஹெல்வெல்லின் மலையின் கிழக்குப் பக்கத்தில் அமைந்துள்ள குறுகிய, கரடுமுரடான மலைமுகடு ஆகும். இதன் மிக உயர்ந்த புள்ளி கடல் மட்டத்திலிருந்து 863 மீட்டர் உயரத்தில் உள்ளது. இருபுறமும் பனியாறுகளால் குடையப்பட்டு, நடுவில் கத்தி முனை போல எஞ்சி நிற்கும் இத்தகைய முகடுகளைப் புவியியலில் அரெட்டு என்பர். இங்கிலாந்தில் உள்ள அரெட்டுகளில் மிகவும் அறியப்பட்டதும், மிகுதியானோர் நடந்து கடப்பதும் இதுவே எனலாம். உயரத்தைக் கொண்டு பார்த்தால் இது பெரிய மலையன்று. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம் உடையது. ஹெல்வெல்லினோ 950 மீட்டர் மட்டுமே. எனினும் இம்முகட்டில் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக உயிரிழப்புகள் நிகழ்ந்து வருகின்றன. அதற்கான காரணம் உயரத்தில் இல்லை. மலையின் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருப்பதில் உள்ளது.

பெயர்

ஆங்கிலத்தில் 'எட்ஜ்' என்பது விளிம்பு அல்லது கூர்முனையைக் குறிக்கும். வட இங்கிலாந்தில் பாறை முகடுகளுக்கும் செங்குத்துச் சரிவுகளின் விளிம்புகளுக்கும் இச்சொல் வழங்கப்படுகிறது. 'ஸ்ட்ரைடிங்' என்பது நெடிய அடிகள் எடுத்து வைத்து நடப்பதைக் குறிக்கும் சொல். சுற்றுப்புறத்திலுள்ள பல பெயர்கள் வைக்கிங் குடியேறிகளின் பழைய நோர்சு மொழியிலிருந்து வந்தவை. மலைமேல் உள்ள சிறு ஏரியைக் குறிக்கும் 'டார்ன்' என்ற சொல்லும், அருகிலுள்ள கேட்ஸ்டை கேம் சிகரத்தின் பெயரில் வரும், சீப்பு அல்லது கொண்டை என்று பொருள்படும் 'கேம்' என்ற சொல்லும் அவ்வாறு வந்தவையே.

அமைவிடம்

ஹெல்வெல்லின் இங்கிலாந்தின் மூன்றாவது உயரமான மலை ஆகும். ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்), ஸ்காஃபெல் (964 மீட்டர்) ஆகிய இரண்டும் இதைவிட உயரமானவை. மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மேற்கே திர்ல்மியர் ஏரியும் கிழக்கே அல்ஸ்வாட்டர் ஏரியும் உள்ளன. திர்ல்மியர், மான்செஸ்டர் நகரின் குடிநீருக்காக 1894 ஆம் ஆண்டு முதல் நீர்த்தேக்கமாகப் பயன்பட்டு வருகிறது. அல்ஸ்வாட்டரின் தென்முனையில் கிளென்ரிடிங், பாட்டர்டேல் என்னும் இரு சிற்றூர்கள் உள்ளன. ஸ்ட்ரைடிங் எட்ஜுக்குச் செல்வோர் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றிலிருந்தே புறப்படுகின்றனர்.

மேற்கிலிருந்து பார்ப்பவருக்கு ஹெல்வெல்லின் புல் மூடிய, உருண்டு திரண்ட பெரிய மேடாகவே தெரியும். கிழக்கிலிருந்து பார்த்தால் அதே மலை முற்றிலும் வேறு மலையாகத் தோன்றும். உச்சிச் சமவெளி திடீரென முறிந்து பாறைச் சுவர்களாக இறங்குகிறது. அச்சுவரின் அடியில், ஏறத்தாழ 718 மீட்டர் உயரத்தில், ரெட் டார்ன் என்ற ஏரி கிடக்கிறது. ஏரியின் இருபுறமும் இரண்டு கைகளை நீட்டினாற்போல இரு முகடுகள் கிழக்கு நோக்கி நீள்கின்றன. தெற்குக் கை ஸ்ட்ரைடிங் எட்ஜ். வடக்குக் கை ஸ்விரல் எட்ஜ். ஸ்விரல் எட்ஜின் முனையில் கேட்ஸ்டை கேம் (890 மீட்டர்) கூம்பு வடிவில் எழுந்து நிற்கிறது. ஸ்ட்ரைடிங் எட்ஜுக்குத் தெற்கே நெதர்மோஸ்ட் கோவ் என்ற மற்றொரு பள்ளமும், அதற்குக் கீழே கிரைஸ்டேல் பள்ளத்தாக்கும் உள்ளன.

உருவான விதம்

இம்முகட்டின் பாறைகள் ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன், ஓர்டோவிசியன் காலத்தில் தோன்றியவை. அக்காலத்தில் இப்பகுதியில் எரிமலைகள் பெரும் சீற்றத்துடன் வெடித்தன. அவை கக்கிய சாம்பலும் பாறைத் துண்டுகளும் படிந்து, இறுகி, கடினமான பாறைகளாயின. இவை பாரோடேல் எரிமலைப் பாறைத் தொகுதி என்று அழைக்கப்படுகின்றன. ஏரி மாவட்டத்தின் நடுப்பகுதியிலுள்ள உயர்ந்த, கரடுமுரடான மலைகள் பெரும்பாலும் இப்பாறைகளால் ஆனவை. வடக்கே உள்ள மலைகள் மென்மையான பலகைப் பாறைகளால் ஆனவை என்பதால் அவை பெரிதும் வழவழப்பான தோற்றம் கொண்டுள்ளன.

பாறை பழையது, அதன் வடிவம் மிகப் புதியது. கடந்த சில இலட்சம் ஆண்டுகளில் பலமுறை வந்துபோன பனியுகங்களே இவ்வடிவத்தைச் செதுக்கின. பனி மலையின் கிழக்குப் பக்கத்தை மட்டும் குடைந்து, மேற்குப் பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவைத்தது ஏன் என்ற கேள்வி இங்கு இயல்பாக எழும். விடை காற்றிலும் வெயிலிலும் உள்ளது. பிரித்தானியாவில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிறது. உச்சிச் சமவெளியில் விழுந்த பனித்தூளை அது கிழக்கு நோக்கி அடித்துச் சென்று, காற்று மறைவான பள்ளங்களில் கொட்டியது. வடக்கையும் கிழக்கையும் நோக்கிய சரிவுகளில் பிற்பகல் வெயில் படுவதில்லை. ஆகவே அங்கு குவிந்த பனி கோடையிலும் உருகாமல் எஞ்சியது. ஆண்டுதோறும் புதிய பனி அதன் மேல் அழுத்த, அடியில் இருந்தது இறுகிப் பனிக்கட்டியாகி, தன் எடையால் மெல்ல நகரத் தொடங்கியது.

நகரும் பனிக்கட்டி இரண்டு வழிகளில் பாறையை அரித்தது. முதலாவது, பாறை வெடிப்புகளில் புகுந்த நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால் பாறை பிளந்தது. பிளந்த துண்டுகளைப் பனிக்கட்டி பிடுங்கிக்கொண்டு சென்றது. இரண்டாவது, அவ்வாறு பிடுங்கிய கற்களைத் தன் அடியில் பதித்துக்கொண்டு, உப்புத்தாள் போலத் தரையைத் தேய்த்தது. பின்சுவர் செங்குத்தாகவும் அடித்தளம் வட்டிலைப் போலக் குழிந்தும் அமைந்த இத்தகைய பள்ளம் சர்க்கு எனப்படும். ரெட் டார்ன் ஏரி அத்தகைய ஒரு சர்க்கில் தேங்கிய நீரே ஆகும். பனியாறு விட்டுச்சென்ற கல்மண் மேடு அதன் வாயிலை அடைத்துக் கிடக்கிறது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சர்க்குகள் இருந்தால், அவை வளர வளர இடையிலுள்ள சுவர் மெலிந்துகொண்டே வரும். ரெட் டார்ன் பள்ளத்துக்கும் நெதர்மோஸ்ட் கோவுக்கும் இடையில் மெலிந்த சுவரே ஸ்ட்ரைடிங் எட்ஜ். ரெட் டார்ன் பள்ளத்துக்கும் வடக்கேயுள்ள பிரவுன் கோவ் பள்ளத்துக்கும் இடையில் மெலிந்தது ஸ்விரல் எட்ஜ். ஏறத்தாழ 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன் வரை நிலவிய கடைசிக் குளிர் காலத்திலும் இப்பள்ளங்களில் சிறு பனியாறுகள் இருந்தன. அவை உருகியபின் உறைபனியும் மழையும் முகட்டின் மேற்பகுதியைச் சிதைத்துக் கூர்மையாக்கின. அந்த வேலை இன்றும் தொடர்கிறது. முகட்டின் இருபுறச் சரிவுகளிலும் சிதறிக் கிடக்கும் கற்கள் அதற்குச் சான்று.

மேற்கிலும் சர்க்குகள் தோன்றியிருந்தால் ஹெல்வெல்லின், ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் போலக் கொம்புச் சிகரமாக மாறியிருக்கும். அவ்வாறு நிகழாததால் கிழக்கே கூர்முகடுகளும் மேலே தட்டையான சமவெளியும் அடுத்தடுத்து அமைந்துவிட்டன. இம்மலையின் வரலாற்றில் நடந்த பலவற்றை விளங்கிக்கொள்ள இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே போதும்.

முகட்டின் மீது செல்லும் வழி

முகட்டுக்குச் செல்லும் பாதை 'ஹோல் இன் தி வால்' எனப்படும் இடத்தில் தொடங்குகிறது. மலைமேல் நீண்டு செல்லும் கல்மதிலில் இருந்த திறப்பே இப்பெயருக்குக் காரணம். அங்கிருந்து ஹெல்வெல்லின் சமவெளி வரை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவு. முதற்பகுதி அகலமானது. 863 மீட்டர் உயரமுள்ள ஹை ஸ்பையிங் ஹவ் என்ற மேட்டைக் கடந்தபின் முகடு குறுகுகிறது. மேற்கு நோக்கி நடப்பவருக்கு வலப்புறம் கீழே ரெட் டார்ன், இடப்புறம் நெதர்மோஸ்ட் கோவ். சில இடங்களில் கைகளையும் பயன்படுத்தியே பாறைகளைக் கடக்க வேண்டும். எனினும் பிடிமானங்கள் பெரியவை. இலட்சக்கணக்கான காலணிகள் பட்டு அவை மெருகேறியும் உள்ளன. முகட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலும் ரெட் டார்ன் பக்கமாக, ஒரு மாற்றுப் பாதை செல்கிறது. உச்சியில் நடக்கத் தயங்குவோர் அதில் செல்லலாம்.

முகட்டின் மேற்கு முனையில் 'சிம்னி' எனப்படும் சில மீட்டர் உயரப் பாறைப் படி ஒன்றில் இறங்க வேண்டியுள்ளது. இவ்வழியில் பலரும் தயங்கி நிற்கும் இடம் இதுவே. அதன்பின் ஒரு சிறு தாழ்வும், அதற்கு அப்பால் சமவெளிக்கு ஏறும் செங்குத்தான, கற்கள் நிறைந்த இறுதிச் சரிவும் உள்ளன. பிரித்தானியாவில், கைகளை ஊன்றி ஏறும் மலைவழிகளை மூன்று நிலைகளாகப் பிரிப்பது வழக்கம். ஸ்ட்ரைடிங் எட்ஜ் அவற்றுள் எளிதான முதல் நிலையைச் சேர்ந்தது. ஏரி மாவட்டத்திலேயே பிளென்காத்ரா மலையிலுள்ள ஷார்ப் எட்ஜும், வேல்சிலுள்ள கிரிப் கோக்கும் இதைவிடக் கடினமானவை. பெரும்பாலோர் ஸ்ட்ரைடிங் எட்ஜ் வழியாக ஏறி, ஸ்விரல் எட்ஜ் வழியாக இறங்கி, ரெட் டார்ன் ஓரமாக ஊர் திரும்புகின்றனர்.

நடைப்பயண வழிகாட்டி நூல்களால் புகழ்பெற்ற ஆல்ஃபிரட் வெயின்ரைட், ஏரி மாவட்ட மலைகளைப் பற்றி எழுதிய ஏழு தொகுதிகளில் முதலாவதான கிழக்கு மலைகள் பற்றிய தொகுதியில் (1955) இம்மலையைப் பற்றி விரிவாக எழுதினார். நூல் முழுவதும், படங்கள் உட்பட, அவருடைய கையெழுத்திலேயே அச்சானது.

குளிர்கால இடர்கள்

பனியுகத்தில் முகட்டை உருவாக்கிய அதே மேல்காற்றே இன்று அதன் பெரும் இடருக்கும் காரணமாகிறது. குளிர்காலத்தில் சமவெளியில் விழும் பனியைக் காற்று கிழக்கு விளிம்புக்கு அடித்துச் செல்கிறது. அங்கு அது விளிம்பைத் தாண்டி, ஓட்டு வீட்டின் தாழ்வாரம் போல, வெற்று வெளியில் நீண்டு உறைகிறது. மேலே நிற்பவருக்கு அடியில் பாறை உள்ளதா, காற்று மட்டுமே உள்ளதா என்பது தெரியாது. மூடுபனியில் வெண்மையான தரையும் வெண்மையான வானும் ஒன்றாகிவிடும்போது விளிம்பு எங்கே முடிகிறது என்பதையும் கண்டறிய இயலாது. கீழிருந்து ஏறி வருபவருக்கோ, ஸ்ட்ரைடிங் எட்ஜின் இறுதிச் சரிவு இந்த உறைந்த தாழ்வாரத்தின் அடியில் வந்து முடிகிறது.

முகட்டைக் கடப்பதே கடினம் என்றும், அதைக் கடந்துவிட்டால் இடர் தீர்ந்தது என்றும் பலர் எண்ணுகின்றனர். குளிர்காலத்தைப் பொறுத்தவரை இது தவறான எண்ணம். முகட்டின் மேல் பிடித்துக்கொள்ளப் பாறைகள் உண்டு. இறுதிச் சரிவிலோ காற்றடித்துக் குவித்த பனி இறுகிக் கண்ணாடி போலாகிவிடும். அதில் கால் வழுக்கினால், பனிக்கோடரி இல்லாதவர் தம்மை நிறுத்திக்கொள்ள வழியில்லை. சரிவு நேரே கீழே உள்ள பள்ளத்தை நோக்கிச் செல்கிறது. இதனாலேயே குளிர்காலத்தில் பனிக்கோடரியும், காலணியில் பூட்டும் இரும்பு முட்களும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் இன்றியமையாதவை எனக் கொள்ளப்படுகின்றன. கருவிகளைத் தோள்பையில் வைத்துக்கொண்டு, சரிவின் நடுவே அவற்றை எடுக்க முயல்வது பயன் தராது.

கோடையில் வரும் இடர்கள் வேறு வகையானவை. ஈரப் பாறை, திடீர்க் காற்று, மூடுபனி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு என்ற அளவில் வெப்பநிலை குறைவதால், ஏரிக்கரையில் இதமான நாளாக இருந்தாலும் உச்சியில் குளிரும் காற்றும் சேர்ந்து உடலை வாட்டும்.

தேசியப் பூங்கா நிருவாகம் குளிர்காலத்தில் மலைநிலை மதிப்பீட்டாளர்களை அமர்த்துகிறது. அவர்கள் நாள்தோறும் ஹெல்வெல்லின் மீது ஏறி, பனியின் ஆழம், காற்றின் வேகம், வெப்பநிலை, விளிம்புப் பனியின் நிலை ஆகியவற்றை நேரில் அளந்து பொதுமக்களுக்கு அறிவிக்கின்றனர். தானியங்கிக் கருவிகள் மலிந்த காலத்திலும் இப்பணிக்கு மனிதரே அனுப்பப்படுகின்றனர். காற்றின் வேகத்தைக் கருவி சொல்லிவிடும். இறுகிய பனிமீது காலணி நிற்குமா என்பதை ஏறிப் பார்த்தவரே சொல்ல முடியும். விபத்து நேர்ந்தால் மீட்புக்குச் செல்வோர் பாட்டர்டேல் மலை மீட்புக் குழுவினர். இங்கிலாந்தின் பிற மலை மீட்புக் குழுக்களைப் போலவே இதன் உறுப்பினர்களும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

சார்ல்ஸ் கோவும் அவருடைய நாயும்

இம்முகட்டை ஆங்கில இலக்கியத்தில் இடம்பெறச் செய்தது ஒரு சாவு. மான்செஸ்டரைச் சேர்ந்த சார்ல்ஸ் கோ என்ற இளம் ஓவியர், 1805 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாட்டர்டேல் பக்கமிருந்து ஹெல்வெல்லினைக் கடந்து கிராஸ்மியர் செல்லப் புறப்பட்டார். வழிகாட்டி எவரும் உடன் செல்லவில்லை. ஃபாக்சி என்ற அவருடைய நாய் மட்டுமே சென்றது. அவர் போய்ச் சேரவில்லை. மூன்று மாதங்கள் கழித்து, சூலை 27 அன்று, ரெட் டார்ன் அருகே நாய் குரைப்பதைக் கேட்டுச் சென்ற இடையர் ஒருவர் அவருடைய எலும்புகளைக் கண்டார். நாய் உயிருடன் அருகில் இருந்தது. அது குட்டியும் ஈன்றிருந்தது, குட்டி பிழைக்கவில்லை. தூண்டில் கருவிகள், ஒரு தங்கக் கடிகாரம், வெள்ளிப் பென்சில் ஆகியவற்றுடன், இயற்கைக் காட்சிகளை ஓவியம்போல் காண அக்காலப் பயணிகள் பயன்படுத்திய நிறக் கண்ணாடிகளும் அங்கே கிடைத்தன. அவர் ஸ்ட்ரைடிங் எட்ஜிலிருந்து விழுந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. பார்த்தவர் எவரும் இல்லை.

அதே ஆண்டு வில்லியம் வேர்ட்ஸ்வொர்த், வால்ட்டர் ஸ்காட், வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஆகிய மூவரும் ஒன்றாக ஹெல்வெல்லின் ஏறினர். வேர்ட்ஸ்வொர்த்தும் ஸ்காட்டும் இந்நிகழ்வைப் பற்றித் தனித்தனியே கவிதை எழுதினர். எட்வின் லான்ட்சியர் 1829 இல் இதை ஓவியமாக வரைந்தார். கவிஞர்கள் நாயின் பற்றைப் போற்றினர். மூன்று மாதங்கள் அந்த நாய் எதை உண்டு உயிர் வாழ்ந்தது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எசமானின் உடலையே உண்டிருக்கும் என்று சிலர் கூறினர். மலையில் இறந்த ஆடுகளை உண்டிருக்கும் என்று வேறு சிலர் மறுத்தனர். கவிதைகளில் இக்கேள்விக்கு இடம் கிடைக்கவில்லை. 1890 ஆம் ஆண்டு, முகட்டிலிருந்து வரும் பாதை சமவெளியை அடையும் இடத்துக்கு அருகில் கோவின் நினைவாகக் கல் ஒன்று நாட்டப்பட்டது.

முகட்டின் மேலேயே மற்றொரு நினைவுச்சின்னம் உள்ளது. ராபர்ட் டிக்சன் என்ற உள்ளூர்வாசி 1858 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாட்டர்டேல் வேட்டை நாய்களைப் பின்தொடர்ந்து நரி வேட்டைக்குச் சென்றபோது இங்கு விழுந்து இறந்தார். ஏரி மாவட்டத்தின் செங்குத்து மலைகளில் நரி வேட்டை குதிரைமீது அன்றி, கால்நடையாகவே நடந்தது. அவர் நினைவாக நிறுத்தப்பட்ட சிறிய இரும்புச் சிலுவை தெற்குப் பக்கப் பாறைமீது உள்ளது. கோ வெளியூர்ப் பயணி. டிக்சனோ மலையடிவாரத்தில் வாழ்ந்தவர். பயணிகள் உச்சியில் பார்க்கும் கல்லைவிட, பாறையோரத்தில் கண்ணில் படாமல் போகக்கூடிய இந்தச் சிலுவையே இடத்தின் தன்மையை நன்கு காட்டுகிறது.

சமவெளியில் இறங்கிய வானூர்தி

முகட்டின் மேற்கு முனைக்கு அப்பால் உள்ள சமவெளி எவ்வளவு தட்டையானது என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. 1926 ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று ஜான் லீமிங், ஆஸ்திரேலிய வானோடி பெர்ட் ஹிங்க்லர் ஆகிய இருவரும் ஆவ்ரோ வானூர்தி ஒன்றை இங்கு இறக்கினர். பிரித்தானியாவில் மலையுச்சி ஒன்றில் வானூர்தி இறங்கியது அதுவே முதன்முறை. தற்செயலாக அப்போது உச்சியில் இருந்த கிரேக்க மொழிப் பேராசிரியர் ஈ. ஆர். டாட்ஸ், அவர்கள் இறங்கியதற்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டார். பின்னர் வானூர்தி விளிம்பை நோக்கி ஓடி, மீண்டும் பறந்து சென்றது. அங்கும் ஒரு நினைவுக்கல் உள்ளது. இவ்வாறு சில நூறு மீட்டர் தொலைவுக்குள் மனிதர் விழுந்து இறந்த பாறையும் வானூர்தி ஓடிய தரையும் அமைந்துள்ளன.

உயிரினங்கள்

செம்மறி ஆடுகள் பல நூற்றாண்டுகளாக மேய்ந்து வருவதால் ஏரி மாவட்ட மலைகள் பெரும்பாலும் குட்டைப் புல்லால் மூடப்பட்டுள்ளன. கிழக்குப் பாறைச் சுவர்களின் விளிம்புகளை ஆடுகள் எட்ட முடியாது. அவை குளிர்ந்தும் ஈரமாகவும் உள்ளன. ஆகவே துருவப் பகுதிகளிலும் உயர்ந்த மலைகளிலும் வளரும் தாவரங்கள் சில, பனியுகத்தின் எச்சமாக இங்கே தங்கியுள்ளன. மென்மயிர் கொண்ட குட்டை வில்லோ அவற்றுள் ஒன்று. இப்பகுதி சிறப்பு அறிவியல் நலம் வாய்ந்த இடமாக அறிவிக்கப்பட்டுள்ளது. 2017 ஆம் ஆண்டு ஜான் மியூர் அறக்கட்டளை, ஸ்ட்ரைடிங் எட்ஜை உள்ளடக்கிய கிளென்ரிடிங் பொதுநிலத்தைப் பேணும் பொறுப்பை, அதன் உரிமையாளரான தேசியப் பூங்கா நிருவாகத்திடமிருந்து குத்தகைக்கு ஏற்று, இத்தாவரங்களை மீட்கும் பணியைத் தொடங்கியது. அதே ஆண்டில் ஏரி மாவட்டம் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

ரெட் டார்ன் ஏரியில் பழுப்பு டிரவுட் மீன்களுடன் செல்லி என்ற அரிய வெண்மீனும் வாழ்கிறது. இம்மீன் அல்ஸ்வாட்டர், ஹாஸ்வாட்டர், பிரதர்ஸ் வாட்டர், ரெட் டார்ன் ஆகிய நான்கு நீர்நிலைகளில் மட்டுமே காணப்படுகிறது. அவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்றும், மிக உயரத்தில் உள்ளதும் ரெட் டார்ன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளென்ரிடிங்கிலிருந்த கிரீன்சைடு ஈயச் சுரங்கத்தின் நீர்த் தேவைக்காக இந்த ஏரியில் சிறு அணை கட்டி நீர்மட்டம் உயர்த்தப்பட்டது. சுரங்கம் 1962 இல் மூடப்பட்டது. அணை இப்போது இல்லை. ஏரி தன் பழைய மட்டத்திலேயே, பனியாறு விட்டுச்சென்ற மேட்டைக் கடந்து, அல்ஸ்வாட்டரை நோக்கி வழிகிறது.